டிரெய்லரின் அடியில் குனிந்து பாருங்கள்!

முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. அதற்கான சாமான்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கின. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மாட்டு வண்டிகளில் போயின.

கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் நல்ல வண்டிக்காரர் மாட்டைப் பூட்ட மாட்டார். ஆணி விழுந்தால் சக்கரம் கழன்று ஓடிவிடும்!

இன்று அந்த வேலையை டிராக்டரும் டிரெய்லரும் செய்கின்றன. சின்னமனூர் வாழைத்தாரும் கம்பத்து நெல்லும் டிரெய்லரில் போகின்றன. டிராக்டருக்கு எண்ணெய் பார்க்கிறோம். டிரெய்லரைப் பார்க்கிறோமா?

எலும்புக்கூடு

சேசிஸ்தான் டிரெய்லரின் எலும்புக்கூடு. இரண்டு நீளச் சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். பாரம் முழுவதையும் தாங்குவது இதுதான்.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும் அல்லவா? மேடு பள்ளத்தில் குலுங்கும் சட்டமும் அப்படித்தான். முதலில் மயிரிழை போலக் கீறல் விழும். அது மெல்ல வளரும். ஒருநாள் பாரத்தோடு போகும்போது முறியும்!

எப்படிப் பார்ப்பது?

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்.

சேற்றைக் கழுவுங்கள். பற்றவைத்த இடம், போல்ட் துளை, ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றை டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். பெயிண்ட் மேல் செந்நிறத் துருக்கோடு தெரிந்தால், அங்கே கீறல் இருக்கலாம்.

சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். அதுபோல் போல்ட்டுகளைச் சுத்தியால் தட்டுங்கள். இறுகியது ‘கணீர்’ என்னும். தளர்ந்தது ‘கடகட’ என்னும்.

கொக்கியும் பின்னும் தேய்ந்திருக்கின்றனவா? உடனே மாற்றுங்கள். பெரிய டிரெய்லர் லாரிகளில் கிங் பின்னைப் பாருங்கள். குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளில் இறங்கும்போது பின்னாலிருக்கும் பாரம் முன்வண்டியைத் தள்ளும். அந்த வேகத்தைத் தாங்க வேண்டியது இந்த இணைப்புதான்.

கீறலின் மேல் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். மேலோட்டமாகப் பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும். தேர்ந்த பட்டறையில் காட்டுங்கள்.

எப்.சி. போதுமா?

சரக்கு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எப்.சி. காட்ட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். ஆனால் கீறல் எப்.சி. தேதி பார்த்து வருவதில்லை!

அதிக பாரமும் சட்டத்தை முறிக்கும். 2019இல் திருத்திய சட்டப்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

தாய்மார்களுக்கு

களை எடுத்துவிட்டுக் களைப்போடு திரும்பும்போது டிரெய்லரில் ஏறத் தோன்றும். ஏறாதீர்கள். அது சரக்குக்கு உள்ள வண்டி. கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர் இருந்தால், பாரம் ஏற்றும் முன் கேளுங்கள்:

“அடியில் குனிந்து பார்த்தீர்களா?”