ஒரு ரவுட்டர், முப்பது கருவிகள்

வைஃபை ரவுட்டர் வீட்டுக்குள் இயங்கும் ஒரு சிறிய வானொலி நிலையம். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொண்டால், கைபேசிகள், டிவி, சிசிடிவி கேமராக்கள், ஸ்மார்ட் பல்புகள், ஃபேன், தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் என முப்பது கருவிகள் வரை அந்த ஒரு பெட்டியை நம்பியிருக்கக்கூடும்.

கருவிகள் கூடி வேகம் குறையும்போது அதிக எம்பிபிஎஸ் தரும் திட்டத்துக்கு மாறுவது பெரும்பாலும் வீண் செலவு. பல்பும் சுவிட்சும் அனுப்பும் தகவல் மிகச் சொற்பம், தட்டுப்பாடு காற்றில்தான். ஒரு சேனலில் ஒரு சமயத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருந்து, சேனல் ஓய்ந்ததும் ஆளுக்கொரு சிறு இடைவெளி விட்டுப் பேசும். இரண்டு மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பும். மோதினால் பொறுத்து அனுப்பும் இந்த யோசனை, 1971இல் ஹவாய்த் தீவுகளை வானொலி வழியே இணைத்த அலோஹாநெட்டிலிருந்து வந்தது. இரண்டு சுவர் தாண்டி வாசலில் மாட்டிய கேமராவுக்குச் சிக்னல் மங்கலாகவே கிடைக்கும். அது மெதுவாகப் பேசும்; அதனால் மற்றவர்களின் நேரத்தையும் சேர்த்து விழுங்கும். அந்த ஒரு கேமராவுக்கு லேன் கேபிள் இழுத்தாலே வீடு முழுவதும் வித்தியாசம் தெரியும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. விலை குறைந்த ஸ்மார்ட் கருவிகளில் பெரும்பாலானவை முதலாவதை மட்டுமே அறியும். ஆகவே கைபேசியையும் டிவியையும் 5க்கு மாற்றி, 2.4ஐ மற்றவற்றுக்கு விட்டுவிடுவது நல்லது. 2.4ஐ உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005இல் பொது அனுமதி கிடைத்தது. பக்கத்து வீட்டு ரவுட்டரும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே நெரிவதால், ஒன்றையொன்று உரசாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாடித் தண்ணீர்த் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ மூன்றும் அலையை மறைக்கும். ரவுட்டருக்கு ஏற்ற இடம் வீட்டின் நடுக்கூடம், ஆள் உயரத்துக்கு மேல்.

கரன்ட் போய் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ரவுட்டரிடம் முகவரி கேட்கும். அப்போது கேமராவின் ஐபி முகவரி மாறிப்போகலாம். பழைய முகவரியில் தேடும் ரெக்கார்டருக்குப் படம் வராது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கேமராவுக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ரவுட்டருக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்றும் பயன்படும்.

பாதுகாப்பு இவை எல்லாவற்றையும்விட முக்கியம். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, பெரிய இணையதளங்களை முடக்கியது. ஸ்மார்ட் கருவிகளை விருந்தினர் வைஃபையில் தனியே வைத்தால், அவற்றில் ஒன்று கைப்பற்றப்பட்டாலும் வீட்டுக் கணினியை எட்டுவது கடினம். கேமரா வாங்கிய அன்றே அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.