காய்ச்சலை மறைத்த மகள்!



ரத்தப் புற்றுநோய் வந்தது என் மகனுக்கு. ஆனால், இந்தக் கடிதம் என் மகளைப் பற்றியது. படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. என்னைப் போல் வேறு ஒரு தாய் தவறு செய்யாமல் இருந்தால் போதும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. கணவருக்குக் கடலை மிட்டாய் பட்டறையில் வேலை. மகள், அதற்குப் பின் ஆறு வருடம் கழித்து மகன், கூடவே மாமியார். அளவான குடும்பம், அளவான வருமானம்.

2022 ஜூன் மாதம். பையனுக்கு அப்போது நாலு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல். ராத்திரியில் 'கால் வலிக்கும்மா' என்று அழுவான். 'ஓடி விளையாடுத பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று மாமியார் எண்ணெய் தேய்த்து விடுவார். கெண்டைக்காலில் அங்கங்கே நீலமாகக் கன்றிப் போயிருந்தது. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ரத்தம் பரிசோதித்த டாக்டர், உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்போதே எனக்கு அடிவயிறு கலங்கியது.

சென்னைக்குக் கொண்டு போனோம். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற லுக்கீமியா என்று உறுதி செய்தார்கள். 'இது குணமாகக்கூடிய நோய்தான். ஆனால், இரண்டரை வருஷம் சிகிச்சை. பாதியில் மட்டும் நிறுத்தவே கூடாது' என்றார் டாக்டர் அம்மா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம்.

முதல் ஏழு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் நானும் பையனும். சோறு, ரசம், இட்லி எல்லாம் அந்த அறையிலேயே. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். பச்சைக் காய்கறி கூடாது. பழம் என்றால் தோல் உரித்துச் சாப்பிடுகிற வாழைப்பழம், ஆரஞ்சு மட்டும். வெளிச்சாப்பாடு வாசனையே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் வாரங்களில் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, 'புளிசாதம் வேணும்' என்று காலை உதைத்து அழுவான். முகம் உப்பிப் போய் என் பிள்ளையா என்றிருக்கும். மாத்திரை நின்றதும் ஒரு வாய் சோற்றுக்குக் கெஞ்ச வேண்டியிருக்கும். கூடவே முதுகுத் தண்டில் ஊசி, கையில் ஊசி. முடி கொட்டியபோது நான் அழுதேன்; அவன், 'பழனிக்குப் போன மாதிரி இருக்கும்மா' என்று தலையைத் தடவிச் சிரித்தான்.

ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அவனுக்குப் போட்ட வின்கிரிஸ்டின் என்ற மருந்து, எங்கள் வாசலில் பூத்துக் கிடக்கிற நித்யகல்யாணிச் செடியில் இருந்து வந்ததாம்! சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்குகிற அதே பூ. 1960களில் இருந்து அந்த மருந்தைக் கொடுக்கிறார்களாம். இதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு மதினி, 'அப்ப இலையை அரைச்சுக் கொடுத்திர வேண்டியதுதானே, எதுக்கு இம்புட்டுச் செலவு?' என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டாக்டரிடம் கேட்டேன். 'செடியில் இருந்து மருந்தைப் பிரித்து, குழந்தையின் உடம்புக்குத் தகுந்த அளவு பார்த்து நரம்பில் போடுகிறோம். இலையை அரைத்தால் அளவு தெரியாது, விஷமாகிவிடும்' என்றார். யார் வீட்டிலாவது இப்படி யோசனை வந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இந்த ஏழு மாதமும் என் மகள் ஐந்தாம் வகுப்பு. என்ன சாப்பிட்டாள், யார் தலை பின்னினார்கள், பரிட்சை எப்படி எழுதினாள், எதுவும் எனக்குத் தெரியாது. போனில் பேசினால், 'தம்பி எப்படி இருக்கான்?' என்று மட்டும் கேட்பாள். 'பிள்ளை எவ்வளவு பொறுப்பா இருக்கு' என்று பெருமைப்பட்டேனே தவிர, பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பொறுப்பு என்று யோசிக்கவில்லை.

பிறகு ஊருக்கு வந்தோம். தினமும் ராத்திரி மாத்திரை, மாதம் ஒருமுறை சென்னை. 'கவுன்ட்' குறைந்தால் சாதாரணச் சளிகூட அவனுக்கு ஆபத்து. 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அதனால் வீட்டில் தும்மினால் கூட எனக்குக் கோபம் வரும். 2023 ஆகஸ்டில் மகளுக்குச் சளி பிடித்தது. அன்று சாயங்காலமே சாத்தூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இருபது நாள். பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். 'சமத்து' என்றுதான் நினைத்தேன்.

2024 மார்ச். மகள் ஆறாம் வகுப்பு. மூன்று நாளாக என் பக்கத்தில் வரவில்லை; தம்பி 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டாலும் போகவில்லை. திண்ணையில் தனியாகப் படுத்தாள். தலை பின்ன ஆச்சியிடம் போனாள். எனக்கு இருந்த வேலையில் இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னல் போட்டுக்கொண்டிருந்த மாமியார்தான், 'என்னட்டி இது?' என்று பதறினார். காதுக்குப் பின்னால் நீர்க்கொப்புளம். கழுத்தில் நாலைந்து.

'ஆச்சி, அம்மாட்ட சொல்லிராதீங்க. என்னைய மறுபடி சாத்தூருக்கு அனுப்பிருவாங்க.'

இதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே போய்ப் பளார் என்று ஒரு அறை வைத்தேன். 'தம்பியைக் கொல்லப் பாக்கியா?' என்று கத்தினேன். ஆமாம், பெற்ற வாயால் அப்படித்தான் கேட்டேன்.

அவள் அழவில்லை. 'நான் தம்பியைத் தொடவே இல்லம்மா. என் டம்ளர், தட்டு எல்லாம் தனியாத்தான் வச்சிருக்கேன். காய்ச்சல் மாத்திரை கூட நான் கேக்கல' என்றாள். மூன்று நாள் காய்ச்சலோடு பரிட்சை எழுதியிருக்கிறாள்.

டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: 'மூத்தவளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடச் சொல்லியிருந்தேனே, போட்டீங்களா?' முதல் மாதமே சொல்லியிருந்தார். எழுதியும் கொடுத்திருந்தார். அரசு இலவச அட்டவணையில் அந்த ஊசி இல்லை, தனியாகப் போட வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவள் நான். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது காற்றில் பரவிவிடுமாம். அந்தக் குழந்தை டம்ளரைத் தனியாக வைத்து என்ன பலன்? அடி வாங்க வேண்டியவள் அவளா, நானா?

அடுத்த பயம் மாமியாரைப் பற்றி. வீட்டில் அம்மை வந்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்பார். அன்று வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். 'இவளை நான் பாத்துக்கிடுதேன். இவளுக்கும் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுதேன். நீ பையனைத் தூக்கிட்டுப் புறப்படு. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. பிள்ளை பொழைக்கணும்னு அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?' என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் காலில் விழலாம் போல் இருந்தது.

இந்தத் தடவை வீட்டை விட்டுப் போனது நானும் பையனும். மகள் அவள் வீட்டில், அவள் பாயில் இருந்தாள். அந்த ஒன்றையாவது அன்று சரியாகச் செய்தேன்.

சென்னையில் கீமோ மாத்திரையை நிறுத்திவைத்து, வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தார்கள். 21 நாள் கண்காணிப்பு என்றார்கள். 14ஆம் நாள் அவன் வயிற்றில் மூன்று கொப்புளம். உடனே உள்ளே சேர்த்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். எட்டு நாள். அந்த எட்டு நாளும் மகள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'இன்னைக்கு எத்தனை கொப்புளம்மா?'

நான்காவது நாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். 'உன்மேல தப்பே இல்லட்டி. ஊசி போடாதது அம்மா தப்பு. அடிச்சதும் அம்மா தப்பு. உனக்குக் காய்ச்சல்னா என்கிட்ட சொல்ல முடியாம வச்சேன் பாரு, அதுதான் பெரிய தப்பு.' அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகுதான் அழுதாள். இரண்டு வருட அழுகை.

கடவுள் புண்ணியத்தில் பையன் தேறினான். 2024 டிசம்பரில் கடைசி மாத்திரை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். குறிப்பிட்ட நாளில் பரிசோதனைக்குப் போய் வருகிறோம்.

ஊர் திரும்பியதும் ஒரு வழக்கம் வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் மகளும் மட்டும் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போவோம். தம்பி பேச்சு எடுக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் ஊமையாக வந்தாள். மூன்றாவது வாரம் கணக்கு டீச்சரைப் பற்றி ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை!

என்னைப் போல் இருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். நோயுற்ற பிள்ளைக்குச் சிகிச்சை ஆரம்பித்ததும், வீட்டில் மற்றவர்களுக்கு என்ன தடுப்பூசி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு உடனே போட்டுவிடுங்கள். அம்மை வந்தவர் பக்கத்தில் இருந்ததாகத் தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பணத்துக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கினால், ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை. கூடப் போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை. எங்களைத் தாங்கியது இவைதான்.

உறவினர்களுக்கும் ஒன்று. இப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் எல்லாரும் நோயாளிப் பிள்ளைக்குத்தான் பொம்மை வாங்கிப் போகிறோம். மூலையில் இன்னொரு பிள்ளை நிற்கும். அதையும் பக்கத்தில் கூப்பிட்டு, 'நீ எப்படிம்மா இருக்கே?' என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் வராததுமாக, 'அம்மா, எனக்குத் தொண்டை வலிக்கு' என்றாள். வெந்நீர் வைக்கப் போன எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்குத் தொண்டை வலி என்றதும் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
கோவில்பட்டி.