பருந்தைப் பழிக்காதீர்கள்

"ஏய், பருந்து வட்டம் போடுது! குஞ்சை எல்லாம் கூடையில போட்டு மூடுடி!"

லயத்து வீடுகளில் இந்தக் குரலைக் கேட்காதவர் யார்? குஞ்சைத் தூக்கிய பருந்தை வாய் வலிக்க வைகிறோம். கல்லை எடுத்து எறிகிறோம். அது தின்று தீர்க்கும் எலிகளை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

கழுகு என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேட்டைக் கழுகு. உயிருள்ள இரையைக் கூரிய நகத்தால் கவ்விக் கொல்லும். காட்டோரங்களில் பாம்பு பிடிக்கும் கொண்டைக் கழுகு இந்த வகை. மற்றது பிணந்தின்னிக் கழுகு. அதன் காலுக்கு இரையைத் தூக்கும் வலு கிடையாது. செத்த மாட்டைக் கூட்டமாக மொய்த்துத் தின்னும். அழுகிய இறைச்சியில் உள்ள கிருமிகளை அதன் வயிற்றுப் புளிப்பே அழித்துவிடும். காசு வாங்காத துப்புரவுத் தொழிலாளி அது!

அந்தத் தொழிலாளிக்கு இந்தியாவில் என்ன நடந்தது தெரியுமா? 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் 2004-இல்தான் வெளிவந்தது. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து! அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. மாட்டுப் பிணங்கள் வெளியில் கிடந்து நாறின. தெரு நாய்கள் பெருகின. 2006-இல் மாட்டுக்கு அந்த மருந்து கொடுக்கத் தடை வந்தது. போன கழுகுகள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

அங்கே மாட்டு மருந்து என்றால், நம் தோட்டத்தில் எலி மருந்து. செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் எலிக்கு மருந்துக்கட்டி வைக்கிறோம். தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பருந்தோ ஆந்தையோ எளிதாகப் பிடித்துத் தின்கிறது. எலியின் ஈரலில் தங்கிய விஷம் பறவைக்குள் போகிறது. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து பறவை சாகிறது. எலி பிடிக்க வந்த காவல்காரனை நாமே கொன்றது போல ஆகிவிடுகிறது.

அதனால் மருந்து வைக்கும் தோழர்களே, கொடுத்த அளவுக்கு மேல் வைக்காதீர்கள். செத்த எலியைக் கண்டால் கையுறை போட்டு எடுத்து ஆழப் புதையுங்கள். பருந்து மேல் கல் எறியும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

குஞ்சைக் காக்க ஒரு கூடை போதும். பறவை இனமே போய்விட்டால் எந்தக் கூடையைப் போட்டு மூடுவது?