வருஷம் அழிஞ்ச பழைய காசு: எந்த ஆண்டு நாணயம்னு கண்டுபிடிப்பது எப்படி?

பீரோவைச் சுத்தம் செய்யும்போது பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய் கிடைக்கிறது. முன்பக்கம் விக்டோரியா ராணியின் முகம். பின்பக்கம் ஆண்டில் 18 தெரிகிறது, கடைசியில் 2 தெரிகிறது. நடுவில் இருக்கும் எண் மட்டும் தேய்ந்து போயிருக்கு. இது 1862-ஆ, 1882-ஆ, 1892-ஆ?

இங்கேதான் பலரும் ஒரு தப்பு பண்றாங்க. செம்புக் காசுன்னா புளி, வெள்ளின்னா விபூதி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சிடுறாங்க. அப்படித் தேய்ச்சா எண் தெரியாது, மிச்சம் இருக்கிற தடயமும் போயிடும். தேய்க்காமலே ஆண்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கு.

முதலில் முகத்தைப் பாருங்க

ஆண்டு சின்ன எண்களில் இருக்கும். ஆனால் மன்னரின் உருவம் பெரிசு, அவ்வளவு சீக்கிரம் முழுசா அழியாது. பிரிட்டிஷ் இந்திய நாணயங்களில் அதுவே காலத்தைச் சொல்லிவிடும்.

* விக்டோரியா, பெயருடன் 'குயின்' என்ற பட்டம்: 1876 வரை. ரூபாயின் பின்பக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்று இருந்தால் 1840.
* விக்டோரியா, 'எம்ப்ரஸ்' என்ற பட்டம்: 1877 முதல்.
* கிரீடம் இல்லாமல், தாடியுடன் வலப்பக்கம் பார்ப்பவர்: ஏழாம் எட்வர்ட், 1903 முதல் 1910 வரை.
* கிரீடம், தாடியுடன் இடப்பக்கம் பார்ப்பவர்: ஐந்தாம் ஜார்ஜ், 1911 முதல் 1936 வரை.
* கிரீடம் உண்டு, தாடி இல்லை: ஆறாம் ஜார்ஜ், 1938 முதல் 1947 வரை.

வடிவமும் உலோகமும்

நடுவில் ஓட்டை உள்ள ஒரு பைசா என்றால் 1943 முதல் 1947 வரைதான். பின்பக்கம் புலி நடக்கும் ஒரு ரூபாய் என்றால் ஆண்டே தெரியாவிட்டாலும் அது 1947. நிக்கலில் செய்தது, காந்தத்தில் ஒட்டும்.

வெள்ளி ரூபாயின் அசல் எடை 11.66 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறைவாக நிற்கும். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. போலியைத் தடுக்க விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் வந்தது. அதனால் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதும் உதவும்.

செல்போன் டார்ச் போதும்

இப்போ எண்ணுக்கு வருவோம். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை நேராக மேலிருந்து அடிக்காமல், காசின் பக்கவாட்டில் கிட்டத்தட்ட மேசையோடு ஒட்டிப் பிடிங்க. சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மயிரிழை அளவு மேடும் நிழல் கொடுக்கும். காசை மெதுவாகச் சுற்றி, நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து ஜூம் பண்ணுங்க. ஒரு கோணத்தில் தெரியாத வளைவு இன்னொரு கோணத்தில் தெரியும்.

அதே வகையில் ஆண்டு தெளிவாக உள்ள காசின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இன்னும் சுலபம். எண்ணின் மேல்பாகம் தட்டையா, வளைவா என்பதே பாதி விடை.

ஆசிட் வேண்டவே வேண்டாம்

அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை வந்த 'பஃபலோ நிக்கல்' காசில் ஆண்டு மேடான இடத்தில் இருந்ததால் சீக்கிரம் தேய்ந்தது. அதன் மேல் ரசாயனம் விட்டு ஆண்டை வரவைப்பார்கள். அச்சு விழும்போது எண்ணுக்கு அடியில் உலோகம் வேறு மாதிரி இறுகியிருக்கும், அதனால் ரசாயனம் அங்கே வேறு மாதிரி அரிக்கும். எண் தெரியும், ஆனால் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும். சேகரிப்பாளர்கள் அதைச் சேதமான காசாகத்தான் பார்ப்பாங்க.

லட்சம் கிடைக்குமா?

1939-ம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிதானது. ஆனால் 1938 அப்படி இல்லை. ஒரே ஒரு எண்ணில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், எண்ணைச் செதுக்கி மாற்றி ஏமாற்றுபவர்களும் உண்டு. ஆண்டு மங்கலான காசை 'இது அரிய வருஷம்' என்று யாராவது சொன்னால், விளிம்பு, எடை, எண்ணின் வடிவம் மூன்றையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீங்க.

விற்பவர்களும் உஷாரா இருக்கணும். தன் பெயரையும் லோகோவையும் பயன்படுத்தி, பழைய நாணயம் வாங்க, விற்க கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் கேட்பதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. இந்த வியாபாரத்தில் தான் இல்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்றும் சொன்னது. காசை வாங்க வருபவர் உங்களிடமே முன்பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திடுங்க.

சரி, அந்தப் பாட்டி காசு?

பட்டத்தைப் பாருங்க. 'எம்ப்ரஸ்' என்றால் 1882 அல்லது 1892, அதை டார்ச் வெளிச்சம்தான் சொல்லணும். 'குயின்' என்றால் 1862. ஏன் 1872 இல்லை? 1874-ல் ஆண்டை மாற்றும் வரை, ரூபாய்கள் எல்லாம் 1862 என்ற அதே ஆண்டோடுதான் அச்சடிக்கப்பட்டன. அதனால் அந்தக் காசு உண்மையில் 1870-ல் பிறந்ததாகக்கூட இருக்கலாம்!