நெஞ்சு படபடப்பா? அந்த 'கேஸ் மாத்திரை' அட்டையையும் கொஞ்சம் பாருங்கள்!

"ஒண்ணுமில்லடி, வாயுதான்! ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்."

நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் உண்டா?

திருவையாற்றை அடுத்த கிராமத்தில் எனக்கு உறவுமுறை அக்கா ஒருத்தி இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் நெஞ்செரிச்சலுக்காக டாக்டர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதம் முடிந்தது, மாத்திரை முடியவில்லை. அட்டை காலியானால் பையனை மருந்துக்கடைக்கு அனுப்பிவிடுவாள். விடிந்ததும் மாத்திரை, அரை மணி கழித்துக் காப்பி. இதுவே வழக்கமாகிவிட்டது.

சம்பா அறுவடை சமயம், ராத்திரி படுத்தால் நெஞ்சு 'படக் படக்'கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போவது போல இருக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். விரல் மரத்துப்போகும். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? "வாயு மேலே ஏறிடுச்சு" என்று கூட ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள்!

கடைசியில் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனோம். ஈ.சி.ஜி. எடுத்த டாக்டரம்மா, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் சொன்னாள் அக்கா. நான் மற்றதையும் சொன்னதும், "அட, கேஸ் மாத்திரையெல்லாம் ஒரு மருந்தா?" என்றாள். இரத்தத்தைச் சோதித்ததில் மக்னீசியம் சத்து மிகவும் குறைந்திருந்தது.

வயிற்று மாத்திரைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல் என்று 'பிரசோல்' என முடியும் மாத்திரைகள் வயிற்றில் அமிலம் சுரப்பதை அடக்குபவை. நல்ல மருந்துகள்தான். பெரும்பாலோருக்கு நாலு முதல் எட்டு வாரம் சாப்பிட்டால் போதும். வருஷக்கணக்கில் சாப்பிடும்போது, சிலருக்குக் குடல் மக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அது குறைந்தால் பொட்டாசியமும் கால்சியமும் கூடவே குறையலாம். இதயத்தின் தாளம் தப்புவது அதனால்தான். நீர் பிரியச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். அக்காவுக்கு நடந்தது அதுவே.

2011 மார்ச்சிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டவர்கள். அவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் போதவில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகே சரியானது.

இன்னொன்று. மாத்திரையின் பெயரோடு 'டி' என்று சேர்ந்திருந்தால், பெரும்பாலும் வாந்தியை நிறுத்தும் டோம்பெரிடோனும் அதில் கலந்திருக்கும். அதுவும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகக் கூடாது என்று 2014-ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு வரையறுத்தது.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

இதைப் படித்துவிட்டு அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்கும். வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்களும், இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களும் தொடர்ந்தே சாப்பிட வேண்டியிருக்கலாம். அட்டையைக் கையோடு எடுத்துப்போய், "எத்தனை நாளைக்கு, டாக்டர்? குறைக்கலாமா?" என்று கேளுங்கள். மக்னீசியம் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

படபடப்புக்கெல்லாம் மாத்திரையே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். இரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனக்கவலை, நாலாவது டம்ளர் டிகிரி காப்பி எல்லாமே காரணமாகலாம். பிள்ளை பெற்ற இளம் தாய்மார்கள் இரத்தசோகையையும் தைராய்டையும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை: படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஒரு செங்கல் கொடுங்கள். இடது பக்கம் படுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்குச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். சம்பா அறுத்த வயலில் விளையும் உளுந்திலும் பயறிலும், கீரை, கேழ்வரகு, எள்ளிலும் மக்னீசியம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே குறைந்துபோயிருந்தால் சாப்பாடு மட்டும் போதாது.

படபடப்போடு மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், வேர்வை வந்தாலோ, பிரசவமான பெண்ணுக்குப் படுத்தால் மூச்சு முட்டிக் கால் வீங்கினாலோ, "வாயு" என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். டாக்டரம்மா மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இரத்த அழுத்த மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். "பக்கத்து வீட்டுக்காரிக்கு அட்டையிலேர்ந்து ரெண்டு கிள்ளிக் கொடுக்கறதையும் விட்டுட்டேன்" என்கிறாள்.

நாமும் விட்டுவிடலாமே!