குறைந்த பணத்தில் காரைத் தாழ்த்துவது: எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளியைக் குறைத்து, காரைச் சாலையை ஒட்டி நிற்க வைக்கப் பலருக்கும் ஆசை உண்டு. அதற்கென்றே தயாரித்த ஸ்பிரிங் செட், அதோடு சேரும் ஷாக் அப்சார்பர் என்று விலை கேட்டால் பல ஆயிரங்களில் தொடங்குகிறது. ‘இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதும்’ என்று சொல்லும் பட்டறையில் கூலி மட்டும்தான். கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இரண்டாவது வழி இழுக்கத்தான் செய்யும். முடிவெடுக்கும் முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான். காரைத் தாழ்த்தும்போது கண்ணுக்குத் தெரிவது உயரம் குறைவது. உண்மையில் நாம் விட்டுக்கொடுப்பது, பள்ளம் மேடு வந்தால் சக்கரம் மேலே ஏறிப்போக இருந்த இடத்தை. மிச்சமிருக்கும் குறைந்த இடத்துக்குள் அதே எடையையும் அதே அதிர்ச்சியையும் தாங்க வைப்பதுதான் வேலை, பணமும் அந்த வேலைக்குத்தான் போகிறது. அதற்குப் பணம் இல்லையென்றால் உயரத்தில் கைவைக்காமல் இருப்பதே மேல்.

எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது

நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய கார்களில் முன்பக்கம் ‘மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்’ இருக்கும். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு இது. பின்பக்கம் பெரும்பாலும் ‘டார்ஷன் பீம்’: இரண்டு பின்சக்கரங்களையும் ஒரு குறுக்குத்தண்டு இணைக்கும். மாருதி ஸ்விஃப்ட் இந்த வகைதான். இனி வரும் கணக்குகளுக்கு 2018-இல் வந்த ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ., முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,450 மி.மீ.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. அமுங்கி எழும் ஸ்பிரிங் தொடர்ந்து ஆடாதபடி அடக்குவது அதன் வேலை. சக்கரம் முழுதாக மேலே ஏறிவிட்டால் கடைசியில் முட்டும் ரப்பர் அல்லது நுரைக்கட்டைதான் ‘பம்ப் ஸ்டாப்’. நின்ற நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை 70 மி.மீ. இடம் இருப்பதாக வைத்துக்கொண்டால், காரை 35 மி.மீ. தாழ்த்தியதும் அதில் பாதி போய்விடும். ஸ்பிரிங் முன்பிருந்த மென்மையிலேயே இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கார் பம்ப் ஸ்டாப்பில் மோதும். அந்த இடி ஸ்ட்ரட் மவுண்ட், புஷ், லோயர் ஆர்ம், பாடி என்று வரிசையாக ஏறும்.

தாழ்த்துவதற்கென்று தயாரிக்கும் ஸ்பிரிங் நீளத்தில் குட்டையாகவும் அழுத்தத்தில் கடினமாகவும் இருப்பதன் காரணம் இதுதான். கம்பியின் தடிமன் பத்து சதவீதம் கூடினாலே ஸ்பிரிங்கின் கடினம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் கடினம் தடிமனின் நான்காம் அடுக்கோடு உயர்கிறது. அளவறிந்து செய்ய வேண்டிய பொருள் இது.

வெட்டினால் என்ன ஆகும்

ஸ்பிரிங்கை வெட்டினாலும் அது கடினமாகத்தான் ஆகும். வேலை செய்யும் சுற்றுகள் ஆறு இருந்து, ஒன்றை எடுத்துவிட்டால் மீதி ஐந்தின் கடினம் 20 சதவீதம் கூடும். ‘வெட்டினாலும் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று சிலர் சொல்வதற்கு இதுவே அடிப்படை. ஆனால் எவ்வளவு இறங்கும், எவ்வளவு கடினமாகும் என்ற இரண்டையும் தனித்தனியே தீர்மானிக்க வெட்டுபவருக்கு வழியில்லை. அரைச்சுற்று கூடுதலாகப் போனால் திரும்ப ஒட்ட முடியாது. இடது வலது ஒரு விரல் அளவு மாறினாலும் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஸ்பிரிங்கின் முனையில் இருக்கிறது. பல ஸ்பிரிங்குகளின் கடைசிச் சுற்று, தட்டில் சரியாக உட்காரும்படி வளைத்தோ தட்டையாக்கியோ செய்யப்பட்டது. அந்த முனையை வெட்டிவிட்டால் கம்பியின் கூர்மையான நுனி மட்டும் தட்டில் ஊன்றி நிற்கும். எடை ஒரே புள்ளியில் இறங்கும். இன்னொன்று, கார் மேட்டைத் தாண்டித் துள்ளும்போதோ ஜாக்கியில் தூக்கும்போதோ சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும். அப்போதும் ஸ்பிரிங் சற்று அமுங்கியே இருக்க வேண்டும். குட்டையாக வெட்டிய ஸ்பிரிங் அந்த நேரத்தில் தளர்ந்து, தன் இடத்தை விட்டு நகரலாம். ஓடும் காரில் அது திரும்பச் சரியாக உட்காரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கேஸ் வெல்டிங் நெருப்பால் ஸ்பிரிங்கைச் சிவக்கக் காய்ச்சி இறங்கவிடுவது இதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகுக்கு அதன் மீள்தன்மை வந்ததே, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தியதால்தான். சிவக்கும் சூடு அந்தப் பதத்தை அழித்துவிடும். காய்ச்சிய இடம் மென்மையாகி நாளடைவில் இன்னும் இறங்கும், அல்லது பதமான பகுதியும் பதம் கெட்ட பகுதியும் சேரும் இடத்தில் உடையும். பக்கத்தில் எண்ணெயும் அழுத்தமான வாயுவும் அடைத்த ஷாக் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இந்த வழியை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

கடினம் கூடினால் ஷாக்கும் மாற வேண்டுமா

ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமானால், அதே கட்டுப்பாடு கிடைக்க ஷாக்கின் அடக்கும் திறன் சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஷாக் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். சில ஆண்டுகள் ஓடி எண்ணெய் கசியத் தொடங்கிய ஷாக் சமாளிக்காது. அப்படிப்பட்ட காரைத் தாழ்த்தினால் சிறு மேடு ஏறினாலும் துள்ளிக்கொண்டே போகும், டயர் சாலையை விட்டு எழும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங் போடுவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

வளைவில் கிடைப்பதும் இழப்பதும்

தாழ்ந்த கார் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்பது பாதி உண்மை. சிறிய காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். 30 மி.மீ. தாழ்த்தினால் வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை ஆறு சதவீதம் போலக் குறையும். ஆதாயம் அவ்வளவுதான்.

இதற்கு எதிராக ஒன்று நடக்கிறது. வளைவில் காரின் உடல் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே அந்தப் புள்ளியின் உயரத்தைத் தீர்மானிக்கும். ஸ்ட்ரட் அமைப்பில் காரை இறக்கினால் அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் காரைச் சாய்க்கும் நெம்பு நீளம் கூடுகிறது. ஸ்பிரிங்கின் கடினம் போதாவிட்டால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகவே சாயும். அதிகம் இறக்க இறக்க நல்லது என்ற எண்ணம் இங்கேதான் தவறுகிறது.

லோயர் ஆர்மின் கோணம் மாறும்போது கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவு) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பும் அளவு) மாறும். வீல் அலைன்மென்ட் செய்யாமல் விட்டால் டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். நேராகப் போகும்போதே மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுப்பதும் உண்டு. ஹெட்லைட்டின் வெளிச்சம் விழும் இடமும் மாறும். ஏ.பி.எஸ். இல்லாத சில பழைய கார்களில், பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பின்பக்கத்தை இறக்கினால், காரில் பாரம் ஏற்றியிருப்பதுபோலவே அந்த வால்வு வேலை செய்யும். பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் போய், மழை நாளில் அது பூட்டிக்கொண்டு சறுக்கலாம். உங்கள் காரில் அந்த வால்வு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே கேளுங்கள்.

வேகத்தடை சொல்லும் கணக்கு

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு நம் சாலைகளே பதில் சொல்லும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால், ஸ்விஃப்ட் அதை ஏறிக் கடக்கும்போது அதன் உச்சி, சக்கரங்கள் நிற்கும் மட்டத்திலிருந்து 44 மி.மீ. மட்டுமே மேலே இருக்கும். 163-இல் 44 போனால் 119 மி.மீ. மிச்சம். 40 மி.மீ. தாழ்த்தினாலும் 79 மி.மீ. இருக்கும்.

நம் தெருக்களில் பல வேகத்தடைகள் அப்படி இல்லை. ஒன்றரை அடி அகலத்தில் செங்குத்தாகப் போட்ட மேடுகள் அவை. அங்கே 10 செ.மீ. உயரமும் முழுதாக வண்டிக்கு அடியில் வரும். 163-இல் 100 போனால் 63 மி.மீ.தான். 40 மி.மீ. தாழ்த்தினால் 23. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் அதுவும் இராது. அடி தட்டும். இஞ்சின் ஆயில் சம்ப்போ சைலன்சர் குழாயோ அடிபட்டால், ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பெரிய செலவு வரும். குடும்பத்தோடு ஓட்டும் காருக்கு 25 மி.மீ.க்கு மேல் தாழ்த்த வேண்டாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எவ்வளவு தாழ்த்தலாம் என்று பார்க்கப் பழைய சோதனை ஒன்றும் உதவும். 1950-களில் லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள், டிக்கியில் மணல்மூட்டை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் கார்களைத் தாழ்த்தினார்கள். 1958-இல் கலிஃபோர்னியா, சக்கரத்தின் ரிம்மினுடைய அடிமட்டத்தை விடக் காரின் எந்தப் பாகமும் கீழே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. மறு ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பம்பைத் தன் காரில் பொருத்தி, வேண்டும்போது ஏற்றி இறக்க வழி கண்டார். அந்தச் சட்டம் 2024 தொடக்கத்தில் நீங்கிவிட்டது. ஆனாலும் அந்த அளவுகோல் நல்ல அளவுகோல்: டயர் வெடித்துக் கார் ரிம்மில் இறங்கினாலும் வேறெதுவும் சாலையில் உரசக் கூடாது.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடலாம்

1. முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். தேய்ந்த புஷ், லிங்க் ராட், கசியும் ஷாக் இவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்து, டயரில் சரியான காற்று வையுங்கள். கார் தளர்வாக ஓடுகிறது என்ற குறை பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

2. தோற்றம்தான் நோக்கம் என்றால், அதே மாடலின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே தரும் சக்கரத்தைத் தேடுங்கள். ஸ்விஃப்டின் கீழ்வகைகளில் 165/80 ஆர்14, மேல்வகையில் 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 620 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் மாறாது, உயரம் குறையாது. ரிம் பெரிதாகத் தெரியும், டயரின் அகலம் 20 மி.மீ. கூடும். நல்ல நிலையில் உள்ள பழைய செட்டும் கிடைக்கும்.

3. அதற்குப் பிறகும் தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கென்று தயாரித்த, 25 மி.மீ. மட்டும் இறக்கும் ஸ்பிரிங்குகளை நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். அதே நாளில் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் பார்த்துவிடுங்கள். கழற்றிய ஸ்பிரிங்கை வைத்திருங்கள். காரை விற்கும்போது அது தேவைப்படும்.

4. கூலியில் மிச்சம் பிடிக்க ஸ்ட்ரட்டை வீட்டிலேயே கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை இருக்கிறது. சரியான கம்ப்ரெசர் போடாமல் மேல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது படிக்குப் பணம் சேரவில்லையென்றால் இரண்டாவதோடு நின்று, சேரும்வரை காத்திருங்கள். நல்ல ஷாக்கும் சரியான அலைன்மென்ட்டும் உள்ள, கம்பெனி உயரத்திலேயே நிற்கும் கார், வெட்டிய ஸ்பிரிங்கில் தாழ்ந்து நிற்கும் காரைவிட வளைவில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் நிற்கும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.