கூண்டுச் சில்லைகளின் உணவும் துணையுணவும்

கிளியையும் பூவையையும் இல்லத்தில் வளர்த்துப் பேசப் பழக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று; பழைய இலக்கியங்கள் பலவற்றில் அதனைக் காண்கின்றோம். இக்காலத்திற் பல இல்லங்களிற் சிறு கம்பிக் கூண்டுகளில் வாழ்பவை சில்லையினப் பறவைகள். கடைக்காரர் அவற்றைப் 'பிஞ்ச்' என்னும் ஆங்கிலப் பெயராலேயே விற்பர். வாங்குவோருக்கு அவர் வழங்கும் அறிவுரையும் சுருக்கமானது: தினையும் தண்ணீரும் வைத்தாற் போதும் என்பதே அது. இதிற் பாதிதான் உண்மை. எஞ்சிய பாதி யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு சிறு செய்தி. சில்லை தானியத்தை அப்படியே விழுங்குவதில்லை. அலகிடையே அதனை உருட்டி, உமியை நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் உண்ணும். நீங்கிய உமி கிண்ணத்திலேயே வீழ்ந்து மேற்பரப்பை மூடிக்கொள்ளும். ஆகவே காலையில் நிறைத்த கிண்ணம் மறுநாட் காலையிலும் நிறைந்தே தோன்றும். 12 கிராமளவே நிறையுள்ள இப்பறவை தன் உடலிற் சேமித்து வைக்கக்கூடிய வலு மிகச் சிறிது. ஒரு பகலும் ஓர் இரவும் இரையின்றிக் கழிந்தாற் பிழைப்பது அரிது. நிறைந்த கிண்ணத்தின் முன்னே பட்டினியால் இறந்த சில்லைகள் உண்டு. ஆதலின் நாள்தோறும் உமியை ஊதிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு ஊதி, நல்ல தினையால் நிறைத்து வைத்த கிண்ணமும் வேறொரு வகையில் வெறுமையாதல் கூடும். அதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கூண்டுகளிற் பெரிதும் காணப்படுவது 'சீப்ரா பிஞ்ச்' என வழங்கும் வரிச்சில்லை. இது அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளுக்கு உரியது. அந்நாடு 1960ஆம் ஆண்டிலே தன் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்துவிட்டமையால், இன்று பிற நாடுகளில் விற்கப்படுபவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. 'பெங்காலீஸ் பிஞ்ச்' என்னும் இன்னொரு வளர்ப்பினமும் உண்டு. பெயர் வங்காளத்தைச் சுட்டினும் அது யப்பானிலே பழக்கி உருவாக்கப்பட்டது. அதன் மூதாதையாகிய வெண்முதுகுச் சில்லை நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் பறவையே. வளர்ப்பினம் தோன்றியதோ சீன நாட்டுக் கிளையிலிருந்து.

வரிச்சில்லை தன் தாயகத்தில் உண்பது பெரும்பாலும் புல்விதையே. இதுகொண்டு, 'விதையே அதற்குப் போதும்' என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. ஒரு புல்லின் விதையன்று, பல புற்களின் விதைகள்; முற்றி நிலத்தில் உதிர்ந்தவை மட்டுமல்ல, கதிரிலே பால்பிடித்து நிற்கும் இளவிதைகளும் அதன் இரையாம். மழை பெய்து புல் தழைத்துக் கதிர்விடும் காலத்திலேயே அது கூடுகட்டும். குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் பெரிதும் அவ்விளவிதைகளையே. இடையிடையே சிறு பூச்சிகளையும் பச்சிலைகளையும் கொத்தும். மண்ணிலுள்ள தாதுப்பொருள்களைப் பொறுக்கும். பகலெல்லாம் வெயிலிற் பறந்து திரியும். கூண்டோ இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, முற்றி உலர்ந்த விதையொன்றையே விட்டுவைக்கின்றது. துணையுணவு எனப்படுவது இவ்வாறு நீக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுத்தலேயன்றி, புதிதாக ஒன்றைச் சேர்த்தலன்று. இதனை மனத்திற் கொண்டால் எதனைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்னும் ஐயங்களிற் பல தாமே தீரும்.

முற்றிய தினையின் இயல்பைப் பார்ப்போம். 100 கிராம் தினையில் மாப்பொருள் 60 கிராமளவும், புரதம் 12 கிராமளவும், கொழுப்பு 4 கிராமளவும் உள்ளன. வலுவுக்கு இது நல்ல உணவு. எனினும் அதன் புரதத்தில் இலைசீன் என்னும் அமினோவமிலம் குறைவு. விற்றமின் ஏ இல்லையெனலாம். விற்றமின் டீ அறவே இல்லை. கல்சியம் 31 மில்லிகிராமளவே. பொசுபரசோ அதனிலும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. எலும்பிலே கல்சியம் பொசுபரசைப்போல் இரு மடங்காக இருக்க, தினையில் அவ்விகிதம் தலைகீழாக அமைந்துள்ளது. பேயெள்ளு முதலிய எண்ணெய் வித்துக்களைச் சில்லைகள் விரும்பி உண்ணுமாயினும், அவற்றிற் பத்தில் நான்கு பங்களவு கொழுப்பாதலின், பறக்க இடமில்லாப் பறவைக்கு அவை ஈரலைக் கெடுக்கும். வாரத்தில் ஒருமுறை ஒரு சிட்டிகை போதும்.

வயிறு நிறைந்திருக்கவும் உடல் பட்டினி கிடக்கலாம் என்னும் உண்மையை மனிதன் கற்றதே பறவைகளிடத்திலிருந்துதான். 1886ஆம் ஆண்டில் ஒல்லாந்த அரசாங்கம் பெரிபெரி நோயை ஆராயுமாறு யாவாத் தீவிலுள்ள பத்தேவியாவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவினருடன் சென்ற எய்க்மன் என்னும் மருத்துவர் நோய்க்குக் கிருமியே காரணம் என எண்ணித் தேடிக்கொண்டிருந்தார். அப்பொழுது அவருடைய ஆய்வுகூடக் கோழிகள் கால் தளர்ந்து வீழத் தொடங்கின. நோயூட்டப்படாத கோழிகளும் வீழ்ந்தன. சில காலத்தின் பின் எல்லாம் தாமாகவே தேறிவிட்டன. காரணத்தை உசாவியபோது தெரியவந்தது இது: கோழிகளுக்கு இடையிலே இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் எஞ்சிய வெண்சோறு இடப்பட்டு வந்தது, புதிதாக வந்த சமையற்காரர், படையினருக்குரிய சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார், அதன்பின் அவை தீட்டாத அரிசியை உண்டன. தவிடு நீங்கிய அரிசியே நோயை விளைத்தது. எய்க்மன் முதலில் வெள்ளரிசியில் ஏதோ நஞ்சுண்டு என்றே கருதினார். 1901இல் அவர் பின்வந்த கிரைன்ஸ் என்பாரே, நஞ்சு இருப்பதன்று, தேவையான ஒன்று இல்லாமையே காரணம் என்று காட்டினார். 1912இல் பங்க் என்னும் அறிஞர் அத்தகைய பொருள்களுக்கு 'விற்றமின்' என்று பெயரிட்டார். அவர் சோதித்தவை புறாக்கள். 1929இல் எய்க்மனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் கண்டிப்புக்கு யாரும் பரிசு கொடுத்ததாகத் தெரியவில்லை.

நஞ்சைத் தேடுவோருக்கு இல்லாமை கண்ணிற் படாது. சில்லை வளர்ப்போரிடமும் இதே குறையைக் காணலாம். தண்ணீரைக் குற்றஞ் சாட்டுவர், காற்றைக் குற்றஞ் சாட்டுவர். கட்டுரையாசிரியரும் இதற்கு விலக்கல்லர். மார்கழி மழைக் காலத்தில் ஒரு சோடி வரிச்சில்லையை அறையினுள்ளே கண்ணாடிச் சாளரத்தின் அருகில் வைத்திருந்தோம். பேடு முதன்முறையாக முட்டையிடத் தொடங்கியது. இரண்டு முட்டைகள் ஒழுங்காக வந்தன. மூன்றாம் நாட் காலையிற் பேடு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையிலே குந்தியிருந்தது, நண்பகலில் இறந்துவிட்டது. மூன்றாம் முட்டை ஓடு திரளாமல் உள்ளேயே தங்கிவிட்டது. கிண்ணத்திலே தினை நிறைய இருந்தது. குளிர் காரணம் என்றே அன்று எண்ணினோம்.

குளிரும் ஒரு காரணமாகலாம். கணக்கோ வேறு சொல்கின்றது. வரிச்சில்லையின் முட்டை ஏறத்தாழ 1 கிராம் நிறையுள்ளது. நாளுக்கொன்றாக ஐந்து முட்டைகள் இடுமாயின், தன் உடலின் ஐந்தில் இரு பங்களவை ஒரு வாரத்துக்குள் அது ஈந்துவிடுகின்றது. ஓடு முழுவதும் கல்சியம் காபனேற்று என்றே சொல்லலாம். பறவை ஒரு நாளில் உண்ணும் தினை 3 கிராமளவு. அதிலுள்ள கல்சியம் 1 மில்லிகிராமும் இல்லை. ஓர் ஓட்டுக்கோ அதனிலும் பன்மடங்கு வேண்டும். குறையை எலும்பிலிருந்து எடுக்கும்; எலும்பும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தசை சுருங்குதற்கும் கல்சியம் வேண்டும். ஆதலின் அது குறைந்தால் ஓடு மென்மையாவதோடு, முட்டையை வெளியே தள்ளும் ஆற்றலும் அற்றுப்போகின்றது.

இதற்கு மருந்து நம் கடற்கரைகளிலேயே ஒதுங்கிக் கிடக்கின்றது. கணவாய் ஓடு என நாமும், கடல்நுரை எனச் சித்த மருத்துவரும் கூறும் வெண்ணிறப் பொருளே அது. நன்னீரிற் சில நாள் ஊறவைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, உப்பு நீங்கியபின் வெயிலில் உலர்த்தி, மென்மையான பக்கம் பறவையை நோக்குமாறு கம்பியிற் கட்டிவிடுதல் வேண்டும். பறவை தனக்கு வேண்டிய அளவை அலகாற் சுரண்டிக்கொள்ளும். கோழிமுட்டை ஓட்டை நன்கு வறுத்துத் தூளாக்கியும் வைக்கலாம். வறுப்பது கிருமியை ஒழித்தற்கு. தானியங்களுள் குரக்கன் விதிவிலக்கானது. 100 கிராமில் 340 மில்லிகிராமளவு கல்சியம் உடையது. தினையோடு அதனைக் கலத்தல் நன்று. அன்று எம் கூண்டிலே கணவாய் ஓடு இருக்கவில்லை. கடற்கரை எம் இல்லத்திலிருந்து ஒரு மைல் தூரமே.

கல்சியத்தை உண்டால் மட்டும் போதாது. அது உடலிற் சேர்வதற்கு விற்றமின் டீ வேண்டும். வெயிலின் ஊதாக்கடந்த கதிர்கள் தோலிற் படும்போது அது உண்டாகின்றது. சாளரக் கண்ணாடி ஒளியை உள்ளே விடுமேயன்றி அக்கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடியின் பின்னால் வெளிச்சத்தில் இருந்த பறவையும் இவ்வகையில் இருட்டில் இருந்ததற்கு ஒப்பாகும். காலை வெயிலிற் சிறிது நேரம் கூண்டை வெளியே வைத்தல் நலம். கூண்டின் ஒரு பாதிக்கு நிழல் இருத்தல் இன்றியமையாதது. மருந்தாகக் கொடுப்பதாயின் டீ3 வகையே பறவைக்குப் பயன்படும். டீ2 வகை அதற்கு மிகச் சிறிதே உதவும்.

அடுத்தது புரதம். பொரிக்கும்போது 1 கிராமளவே உள்ள குஞ்சு மூன்று வாரத்திலே தாயின் நிறையை அண்மிவிடும். இவ்வளர்ச்சிக்கு உலர்ந்த தினை ஈடுகொடாது. நன்கு அவித்த கோழிமுட்டையை மசித்து, றஸ்க் தூளோடு உதிரியாகக் கலந்து, தேக்கரண்டி அளவு வைக்கலாம். புதிய உணவைச் சில்லை எளிதில் ஏற்காது. நாள்தோறும் சிறிதளவு வைத்துப் பழக்குதல் வேண்டும். குஞ்சு பொரித்தபின் தொடங்கினாற் காலம் கடந்துவிடும். நம் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் அதனைக் கூண்டில் விடலாகாது.

பால்பிடித்த விதைக்கு நெருங்கிய பொருள் முளைவிதை. பயறு முளைகட்டத் தெரிந்த இல்லங்களில் இதற்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. தினையைப் பத்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, பலமுறை அலசி, வெண்முனை தோன்றியவுடன் கொடுக்க வேண்டும். முளைக்கும்போது விதையில் விற்றமின்கள் சில பெருகும். மாப்பொருளும் எளிதிற் சமிபாடடையும். முளைக்காத தினை பழையது என்பதும் இதனால் வெளிப்படும். புளித்த மணம் வீசினால் வீசிவிடுதல் வேண்டும். அலசிப் பார்ப்போம் என்று எண்ணலாகாது. பூஞ்சணத்தின் கொடுமைக்கு ஒரு சான்று: 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஏறத்தாழ 1,00,000 வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்திற் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிடித்திருந்தமையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அபிளாதொட்சின் என்னும் நஞ்சு அவ்வாறே உலகுக்குத் தெரியவந்தது. மழைக்காலத்திலே தானியத்தை மூட்டையாக வாங்கிவைத்தல் சிக்கனமன்று.

விற்றமின் ஏக்கு முருங்கையிலையும் துருவிய கரட்டும் போதும். பசளி முதலிய சில கீரைகளில் உள்ள ஒட்சாலிக்கமிலம் கல்சியத்தைக் கட்டிவிடுமாதலின் அவற்றை நாள்தோறும் கொடாதிருத்தல் நன்று. ஆனைக்கொய்யாப்பழம் பறவைகளுக்கு நஞ்சு. சிறுகல்லைப் பற்றிப் பலர் பெரிதாகப் பேசுவர். விதையை உமியோடு விழுங்கும் புறாவுக்கு அது வேண்டும், உமிநீக்கி உண்ணும் சில்லைக்கு அத்துணை வேண்டியதில்லை.

கடைகளில் விற்கப்படும் விற்றமின் தூள்களையும் துளிகளையும் முற்றாக விலக்க வேண்டியதில்லை; பறவையை வெயிலில் வைக்க இயலாதோருக்கு அவை உதவும். தண்ணீரிற் கலப்பதே குறைபாடுடைய முறை. ஒளியில் விற்றமின்கள் சில விரைவிற் கெடும், கிருமிகள் பெருகும், சுவை மாறினாற் பறவை குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். ஈரமான முட்டையுணவின்மீது தூவுதல் மேல். இரண்டு மூன்று தூள்களை ஒருங்கே கொடுத்தலோ தீங்கு. பீ தொகுதி விற்றமின்களில் மிகுதியானது பெரும்பாலும் நீருடன் கழிந்துவிடும். ஏயும் டீயும் அவ்வாறு எளிதிற் கழியாமல் உடலிற் தேங்கும். மிகுந்த டீ, கல்சியத்தைச் சிறுநீரகத்திலே படியவைத்துப் பறவையைக் கொல்லும். 12 கிராம் உடலுக்கு ஒரு சிட்டிகையும் பெருந்தொகை.

குஞ்சுகள் தாமே உண்ணத் தொடங்கியபின், பொரித்து ஐந்து வாரமளவில், முட்டையுணவையும் முளைவிதையையும் குறைத்துக் கூட்டையும் அகற்றிவிடுதல் வேண்டும். தாயகத்திலே மழை நின்று புல் உலர்ந்தால் வரிச்சில்லை முட்டையிடுவதை நிறுத்தும். கூண்டிலே வளமான உணவு ஓயாது கிடைப்பின் மழை ஓயவில்லையென்று அதன் உடல் கொள்ளும். பேடு தன் எலும்பு கரையும்வரை முட்டையிடும். ஆதலின் ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே சில மாதங்கள் தினையும் சிறிது கீரையுமாக ஓய்வு கொடுத்தல் முறை. கணவாய் ஓட்டை மட்டும் எக்காலத்தும் கூண்டிலேயே விட்டுவைக்கலாம்.